நேஷனல் பார்க் டி-ஷர்ட்டோட அந்த ஸ்டைல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா
அமெரிக்க நேஷனல் பார்க் டி-ஷர்ட் டிசைன் எல்லாம் பழைய ஸ்டைல்ல அழகா இருக்குன்னு எழுதிருக்கீங்க, சரி, அந்த ஸ்டைல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வரி சேத்திருக்கலாம். 1938லேர்ந்து 1941 வரைக்கும், வேலை கிடைக்காம இருந்த ஆர்ட்டிஸ்டுங்களுக்கு அமெரிக்க கவர்மென்ட்டே சம்பளம் குடுத்து போட வெச்ச நேஷனல் பார்க் போஸ்டருங்க அது, மொத்தமே 14 டிசைன்தான், எல்லாம் கையால அடிச்ச ஸ்க்ரீன் பிரிண்ட், கலருக்கு ஒரு ஸ்க்ரீன், அதனாலதான் மலை, வானம், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊத்து எல்லாமே பட்டை பட்டையா நிக்கும், டி-ஷர்ட்டுக்கு அது அப்படியே செட் ஆகுது. போட்டோவ அப்படியே பிரிண்ட் போடுறது எனக்கு சுத்தமா புடிக்கல. அப்புறம் டி-ஷர்ட்ல யெல்லோஸ்டோன் 1872னு பார்க் ஆரம்பிச்ச வருஷத்த போட்டா ஹிஸ்டரி ஆயிடுமா? அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க இருந்த ஷோஷோனிங்கற பூர்வகுடி ஜனங்கள நான் பாத்த எந்த டிசைன்லயும் காணோம்.