கழுதைத் தோலும் பெண்களின் ரத்தமும்

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சீன மருந்துக்கடையின் பெண்கள் அலமாரி நன்றாகவே தெரிந்திருக்கும். டாங் குவேய் வேர், காய்ந்த சிவப்பு இலந்தை, கோஜி பெர்ரி எல்லாம் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே அழகான பெட்டிக்குள் பளபளவென்று கறுப்பாக ஒரு கட்டி. பெயர் எஜியாவ். கழுதைத் தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, நீண்ட நேரம் கொதிக்கவிட்டு, வற்றவைத்து, வெட்டிக் காயவைத்த பசை அது. ரத்தம் ஊறும், மாதவிடாய் சீராகும், பிள்ளை பெற்ற உடம்பு தேறும், முகம் மினுங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் இருக்கிற ரத்தமும் வற்றிவிடும்.

இந்தக் கட்டி வேண்டாம் என்பது என் கட்சி. அதற்காக, 'சீன மருத்துவம் முழுக்க மூடநம்பிக்கை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற மருத்துவர் தன் பெரிய மருந்து நூலில் பெண்களுக்கான மருந்துகளைத்தான் முன்னால் வைத்தார். பெண்ணின் நோயைக் குணப்படுத்துவது ஆணின் நோயைவிடப் பத்து மடங்கு கடினம் என்றும் எழுதினார். மற்ற நாடுகளில் எத்தனை பேர் அப்போது இவ்வளவு யோசித்தார்கள்?

எஜியாவுக்கும் அந்தப் பழைய மருத்துவத்தில் இடம் உண்டு. சீனாவின் ஹான் வம்சக் கடைசியில் வாழ்ந்த மருத்துவர் சாங் சோங்ஜிங் சொன்ன 'ஜியாவ் ஐ தாங்' கஷாயத்தில் அது ஒரு சரக்கு. கருப்பை ரத்தப்போக்குக்கும், கர்ப்பத்தில் ரத்தம் பட்டாலும் கொடுத்த கஷாயம். கூடவே டாங் குவேய், மாசிபத்திரி வகை இலை, அதிமதுரம் இன்னும் சில. ஆரம்ப காலத்தில் மாட்டுத் தோலிலும் இந்தப் பசையைக் காய்ச்சியிருக்கிறார்கள், கழுதைத் தோல்தான் என்று நிலைத்தது பிற்பாடு. இன்னொன்று, விற்பவர்கள் சொல்லாதது: எஜியாவ் பிசுபிசுப்பானது, செரிக்கக் கடினம், வயிறு மந்தமாக இருப்பவர்களுக்கு ஆகாது, சளி பிடித்திருக்கும்போது கூடாது என்று சொல்வதும் அதே சீன மருத்துவம்தான். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, ஆளைப் பொறுத்து அளந்து கொடுக்க வேண்டிய சரக்கு. எல்லாப் பெண்களும் தினம் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம் என்பது மருத்துவர் சொன்னதில்லை. வியாபாரி சொன்னது.

எனக்கு ஹீமோகுளோபின் குறைந்திருப்பது தெரிந்ததும், அலுவலகத்தில் கூட வேலை செய்யும் சீன அக்கா ஒரு டப்பா நிறைய எஜியாவ் கேக் கொண்டுவந்து தந்தார். கட்டியைப் பொடித்து அரிசி மதுவில் ஊறவைத்து, கறுப்பு எள், வால்நட், இலந்தைப் பழம், கற்கண்டு சேர்த்துக் கிளறி, தட்டில் ஆறவைத்து மெல்லிய வில்லைகளாக அரிந்தது. "முகமெல்லாம் வெளுத்துப் போச்சு உனக்கு, சாப்பிடு" என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் எள்ளுருண்டையை அழுத்தித் தட்டையாக்கியது போல இருந்தது, ருசிக்குக் குறைவில்லை. அதில் இரும்புச்சத்து ஏதாவது இருந்திருந்தால் அது எள்ளிலிருந்து வந்திருக்கும்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. கழுதைத் தோல் பசை என்பது பெரும்பாலும் கொலாஜன், அதாவது தோலில் இருக்கும் ஒரு புரதம். நம் உடம்புக்கு அத்தியாவசியமான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது, அதனால் புரதம் என்ற கணக்கிலும் அது முழுமையில்லை. இதைச் சீனாவிலேயே அரசுத் தரப்பு ஒருமுறை சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டது. 2018 பிப்ரவரியில், புத்தாண்டுச் சமயத்தில், 12320 என்ற சுகாதார ஆலோசனைச் சேவையின் வெய்போ (சீனச் சமூக வலைத்தளம்) பக்கம் எஜியாவ் வெறும் 'வேகவைத்த கழுதைத் தோல்', காசு கொடுத்து வாங்கத் தகுதியில்லாதது என்று பதிவு போட்டது. நாடே கொந்தளித்தது. சில நாட்களில் பதிவு காணாமல் போய் மன்னிப்பு வந்தது. மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று விளம்பரம் செய்யும் பொருளைத் தொட்டால் சும்மா விடுவார்களா!

சரி, வேலை செய்யாவிட்டால் போகட்டும், தின்பவர்கள் தின்றுவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். விஷயம் அங்கேதான் வேறு பக்கம் திரும்புகிறது.

முன்பு எஜியாவ் அரண்மனைக்கும் பணக்கார வீடுகளுக்கும் போன சரக்கு. சீனாவில் நடுத்தர வர்க்கம் பெருகியது, அரண்மனை ராணிகளைக் காட்டும் டிவி தொடர்கள் வந்தன, ஷான்டோங் மாகாணத்து டோங்-எ ஆலைகள் ஏற்றுமேல் ஏற்றாக விலையை ஏற்றியும் விற்பனை ஓடியது. 1990-களின் தொடக்கத்தில் சீனாவில் ஒரு கோடிக்கு மேல் இருந்த கழுதைகள் இப்போது இருபது லட்சத்தைவிடக் குறைவு. டிராக்டர் வந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் கழுதை வயிற்றில் குட்டி ஒரு வருஷமாவது இருக்கும், ஈற்றுக்கு ஒரே குட்டி. ஆலை கேட்கிற வேகத்துக்கு அது பெருகவே பெருகாது. 2018 ஜனவரியில் கழுதைத் தோலுக்கான இறக்குமதி வரியைச் சீனா 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தது. இன்று உலகம் முழுக்க ஆண்டுக்குக் குறைந்தது 59 லட்சம் கழுதைகள் இந்தப் பசைக்காகக் கொல்லப்படுவதாக பிரிட்டனின் 'டாங்கி சாங்சுவரி' அமைப்பு கணக்கிடுகிறது. இந்த அளவைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது? சாங் சோங்ஜிங் கேட்டால் மயங்கி விழுவார்.

தோல் பெருமளவு ஆப்பிரிக்காவிலிருந்து போனது. கென்யாவில் 2016-இலிருந்து நான்கு இறைச்சிக்கூடங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ராத்திரியில் கட்டிப்போட்ட கழுதை காலையில் இருக்காது. தேடிப் போனால் புதருக்குள் தோல் உரித்த உடல் கிடக்கும். அந்தக் கழுதை யாருடையது? பல ஊர்களில் தண்ணீர், விறகு, சந்தைச் சரக்கு எல்லாம் பெண்கள் தலையில்தான். கழுதையின் இரண்டு பக்கமும் ஜெர்ரிகேன் கட்டினால் வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் வந்துவிடும். கழுதை போனால் அதே ஜெர்ரிகேன், ஒன்று 20 கிலோ, அவள் முதுகில் ஏறும். வாடகைக்கு ஓட்டிச் சம்பாதித்தவளுக்கு வருமானமும் போச்சு. கர்ப்பிணி என்றாலும் தூக்கத்தான் வேண்டும், அம்மாவால் முடியவில்லையென்றால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மகள் தூக்குவாள். எனக்குப் பிடிபடாத கணக்கு இதுதான். இங்கே ஒருத்திக்குப் பிரசவ உடம்பு தேற வேண்டும் என்று அங்கே இன்னொருத்தியின் இடுப்பை ஒடிப்பதற்கு 'பெண்கள் நலம்' என்று பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

இதைச் சொன்னால் 'வெள்ளைக்காரன் சீனாக்காரனை மட்டம்தட்டும் பேச்சு' என்று ஒரு பதில் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், பல சமயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இந்த வியாபாரத்துக்கு முதலில் கதவை அடைத்தது நைஜரும் புர்கினா ஃபாசோவும், 2016-லேயே. எத்தியோப்பியாவில் பிஷோஃப்து ஊர் மக்கள் எதிர்த்துக் கழுதை இறைச்சிக்கூடத்தை மூடவைத்தார்கள். கென்யா 2020-இல் தடை போட்டது, அடுத்த ஆண்டே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியம், தோலுக்காகக் கழுதை வெட்டுவதைக் கண்டம் முழுக்க நிறுத்த முடிவெடுத்தது.

(நாம் ரொம்பச் சிரித்துக்கொள்ள வேண்டாம். பிறந்த குழந்தைக்குச் சங்கில் கழுதைப்பால் புகட்டினால் பேச்சு நன்றாக வரும் என்று தெருத்தெருவாகக் கழுதையோடு வருபவரிடம் இன்றும் வரிசையில் நிற்கிறோம். இதில் கழுதையாவது உயிரோடு வீடு திரும்புகிறது.)

ரத்தசோகை நிஜமான பிரச்சினை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. களைப்பும் தலைசுற்றலும் கற்பனையில்லை. ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துப் பாருங்கள். மாதவிடாயில் மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால் ஏன் என்று கேட்கும் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். கருப்பையில் கட்டியா, தைராய்டா, வேறு ஏதாவதா என்று அவர்தான் சொல்ல முடியும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீயோடு போடாதீர்கள், இரும்பு உடம்பில் ஒட்டாது. வயிற்றைப் படுத்தினால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், நிறுத்திவிட வேண்டியதில்லை. எஜியாவின் விலையில் எத்தனை மாத மாத்திரை வாங்கலாம் என்பதை மருந்துக்கடை வாசலிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன். கோபப்படவில்லை. "பண்ணையில் ஒழுங்காக வளர்த்த கழுதையாக இருந்தால் சாப்பிடுவாயா?" என்று கேட்டார். கென்யப் பெண்ணின் கழுதை தப்பித்தால் என் பெரிய புகார் தீர்ந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். அப்புறமும் மாத்திரைதான் போடுவேன் என்றேன். அந்த எள்ளையும் வால்நட்டையும் மட்டும் வைத்து எஜியாவ் இல்லாமல் ஒருமுறை செய்து பாருங்களேன் என்றதற்கு, அப்படிச் செய்தால் வில்லை ஒட்டாமல் உதிர்ந்துவிடும், பசை வேண்டாமா என்கிறார்.