பின்சந்து ஐந்தடி குறையட்டும், கராஜ் பத்தடி தள்ளிப் போகட்டும்

போன வாரம் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் குடியிருப்பை ஒட்டி, ஓடைக்கரை வரைக்கும் ஒரு காலி நிலம் கிடக்கிறது. அங்கே வீடு கட்டப்போகும் பில்டர், வீடுகளுக்குப் பின்னால் விடவேண்டிய சந்தின் அகலத்தை 20 அடியிலிருந்து 15 அடியாகக் குறைக்க வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்டிருக்கிறார். 200 அடிக்குள் வீடு வைத்திருப்பவர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று ராத்திரியே நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஆட்சேபப் படிவம் சுற்றத் தொடங்கிவிட்டது. "ஊர்லதான் சந்துக்குள்ள இடிச்சுக்கிட்டுப் போனோம், இங்கயும் வந்து சந்தா?" என்று ஒரு அண்ணா எழுதினார். தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்று இன்னொருவர் கேட்டார். விடிவதற்குள் 19 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. ஏன் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில், சனிக்கிழமை காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய் நம்முடைய பின்சந்தை அளந்து பார்த்தேன். வேலிக்கு வேலி 15 அடி. நடுவில் போட்டிருக்கும் கான்கிரீட் 10 அடி. 13 வருஷமாக நாம் வண்டியை எடுப்பதும் விடுவதும் அந்த 15 அடிக்குள்தான். நம் பிள்ளைகள் சைக்கிள் பழகியது அங்கேதான். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே காலை பிரேக்கிலிருந்து எடுப்பதில்லை, அதற்குக் காரணமே அந்தக் குறுகல். எதை வரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டீர்களோ, அதில்தான் தினமும் போய் வந்துகொண்டிருக்கிறீர்கள்.

அண்ணா சொன்ன ஊர்ச் சந்து வேறு. அங்கே வீட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி. ஆம்புலன்ஸ் வந்தாலும், கல்யாண ஊர்வலம் வந்தாலும், சவம் போனாலும் அதற்குள்தான். அந்தச் சிரமம் எனக்கும் தெரியும், என் தாத்தாவை மெயின் ரோடு வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். இங்கே வீட்டுக்கு முகம் முன்தெரு. பின்சந்து கராஜுக்கு மட்டும்.

தீயணைப்பு வண்டியும் அந்த முன்தெருவில்தான் நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதி, தீயணைப்பு வண்டிக்கான பாதை தடையில்லாமல் 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் இருக்கவேண்டும் என்கிறது. வீட்டுச் சுவரின் எந்த மூலையும் அந்தப் பாதையிலிருந்து குழாய் இழுக்கும் தூரத்தில் 150 அடிக்குள் இருக்கவேண்டும். நகராட்சி தளத்தில் பில்டர் கொடுத்த வரைபடம் முழுவதும் இருக்கிறது. முன்தெரு 28 அடி. மனையின் ஆழம் 110 அடி. பின்சந்து எத்தனை அடியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் கவலை வரைபடத்தின் நான்காவது தாளில் இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்ட யாரும் அந்தத் தாளைத் திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சந்தின் எல்லைக்கோட்டிலிருந்து கராஜ் கதவை எவ்வளவு உள்ளே தள்ளிக் கட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் வீடுகளில் அது 20 அடி. பின்னால் எடுக்கும்போது கதவிலிருந்து எதிர்வேலி வரைக்கும் 35 அடி கிடைக்கிறது. கதவுக்கு முன்னால் ஒரு கார் முழுசாக நிற்கவும் நிற்கிறது. புதிய வரைபடத்தில் இந்த இடைவெளி 10 அடி. பத்தும் பதினைந்தும் 25, வண்டியைத் திருப்ப இது போதும். ஆனால் பத்தடி இடத்தைப் பார்த்தால் யாருக்கும் வண்டியை நிறுத்தத் தோன்றும். கேம்ரி கார் 16 அடி நீளம். எஃப்-150 டிரக் நான்கு கதவு வைத்தது என்றால் 19 அடிக்கு மேல். பத்தடியில் அதை நிறுத்தினால் மிச்சம் ஒன்பதடி சந்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் 15 அடிச் சந்தில் எஞ்சுவது ஆறடி. இடைவெளி ஐந்தடிக்குக் குறைவாக இருந்தால் அங்கே நிறுத்தலாம் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. இருபதடி என்றால் வண்டி முழுசாக அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு வித்து.

மேரிலாந்தில் கென்ட்லண்ட்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1988இல் டுவானி, பிளேட்டர்-சைபர்க் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி திட்டமிட்டது. தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு மாலை முழுக்க நடந்தேன். கராஜ்கள் பின்சந்துப் பக்கம். முன்பக்கம் திண்ணையும் மரமும் மனிதர்களும். இங்கே வருவதற்கு முன்னால் கராஜ் கதவே முகமாக இருக்கும் தெருக்களில் குடியிருந்த எனக்கு அது மனசை என்னவோ செய்தது. பின்சந்து வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்த மாலையும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம், நம் கறுப்புக் களிமண். மழை பெய்தால் நீரை உள்ளே விடாது. சிகாகோவில் சுமார் 1,900 மைல் பின்சந்து இருக்கிறது, தண்ணீர் தேங்கித் தேங்கிப் பார்த்துவிட்டு 2006 முதல் நீர் உறிஞ்சும் தளம் போட ஆரம்பித்தார்கள். சந்து குறுகி, கான்கிரீட் ஓரடி குறைந்தாலும் ஓடைக்குப் பாயும் நீர் அவ்வளவு குறையும்.

இனி, வேரியன்ஸ் கேட்கும் காரணம். இதில் நான் பில்டர் பக்கம் முழுசாக இல்லை. நிலத்தின் அமைப்பால் விதியைக் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால் வேரியன்ஸ் கேட்கலாம். தானே வரவழைத்துக்கொண்ட சிரமத்தைக் காட்டிக் கேட்கக்கூடாது. ஓடை வளைந்து வரும் கிழக்கு ஓரத்தில் பழைய பீக்கன் மரங்கள் நிற்கின்றன, 20 அடி விட்டால் அவற்றை வெட்டவேண்டும். அந்த ஒரு சந்துக்கு இது நியாயமான காரணம். மற்ற இரண்டு சந்துகளும் நேர்கோடு, சமதரை. 600 அடி நீளச் சந்தில் ஐந்தடி என்றால் 3,000 சதுர அடி. இரண்டிலும் சேர்த்தால் ஒரு மனை தேறும். அதற்கு ஏன் வேரியன்ஸ் என்று கேட்கத்தான் போகிறேன். மிச்சமாகும் அந்த இடம் முழுவதும் கராஜைத் தள்ளிக் கட்டுவதற்கே போகும் என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேரியன்ஸ் ஆளுக்குக் கிடைப்பதல்ல, நிலத்துக்குக் கிடைப்பது. இந்தப் பில்டர் நாளைக்கே நிலத்தை விற்றுவிட்டுப் போனாலும் 15 அடி அனுமதி அடுத்தவருக்கும் போகும். வாய்வார்த்தை போகாது. மனுவை விசாரிக்கும் நகராட்சி வாரியம் வேரியன்ஸ் கொடுக்கும்போதே நிபந்தனை வைக்கலாம். கராஜ் இடைவெளி 20 அடி. குப்பைத் தொட்டி முன்தெருவில், ஏனென்றால் லாரியே எட்டு அடிக்கு மேல் அகலம், சந்தின் முனையில் திரும்பமுடியாமல் யார் வேலியையாவது இடிக்கும். பீக்கன் மரங்கள் எத்தனை, எங்கே என்று வரைபடத்தில் குறிக்கவேண்டும். இது மூன்றும் தீர்மானத்தில் இருக்கவேண்டும்.

டெக்சஸ் சட்டப்படி வேரியன்ஸுக்கு முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். ஐந்து பேர் வாரியத்தில் நான்கு பேர். இரண்டு பேர் மறுத்தால் விழுந்துவிடும், உங்கள் 19 கையெழுத்தால் அது நடக்கவும் கூடும். விழுந்தால் 20 அடிச் சந்து வரும், கராஜ் இடைவெளி அதே பத்தடியில் நிற்கும், பீக்கன் மரங்கள் போகும்.

வாரியத்தின் கூட்டம் செவ்வாய் மாலை 6.30. ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவர்கள் அதற்குள் ஒருமுறை நான்காவது தாளைத் திறந்து பாருங்கள், டேப் வேண்டும் என்றால் என் வீட்டில் இருக்கிறது.