விமானத்துக்கு 1 சதவீதம், எங்கள் வண்டிக்கு 31 சதவீதமா?

ரேணிகுண்டா விமான நிலையத்தில் நிரப்பப்படும் விமான எரிபொருளுக்கு ஆந்திர அரசு வாங்கும் மதிப்புக் கூட்டு வரி 1 சதவீதம். அங்கிருந்து புத்தூர் வழியாக வந்தால் எட்டிவிடும் எங்கள் நகரியில், விசைத்தறிக்காரர் தம் இருசக்கர வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கு 31 சதவீத வரி, அதன் மேல் லிட்டருக்கு 4 ரூபாய் கூடுதல் வரி, அதற்கும் மேல் சாலை மேம்பாட்டுக்கென்று 1 ரூபாய். நூல் ஏற்றி வரும் மினி லாரியின் டீசலுக்கு 22.25 சதவீதமும் அதே 5 ரூபாயும். இது எந்த ஊர் நியாயம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநில வரிக்கு முந்தைய விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலில் மாநிலத்துக்குப் போவது 29 ரூபாய் 80 காசு. அதே விலையுள்ள விமான எரிபொருளில் போவது 80 காசு.

வரி அதிகமானால் விமானங்கள் வேறு மாநிலத்தில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு வந்துவிடும், குறைத்தால் கூடுதல் விமானங்கள் வரும் என்பதுதான் இந்தச் சலுகைக்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் எங்கள் எல்லைக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறதே! பக்கத்தில், தமிழ்நாட்டில் இருக்கும் திருத்தணியில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும்தான் மாநில வரி என்பதால், மேலே போட்ட கணக்கின்படியே லிட்டருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் குறைகிறது. வண்டியும் வேளையும் வாய்த்தவர்கள் அங்கே போய் நிரப்பிக்கொள்கிறார்கள், இந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்க் நடத்துபவர்கள் வியாபாரம் இழக்கிறார்கள், அரசும் வருமானம் இழக்கிறது. உழவு டிராக்டரை மட்டும் யாரும் திருத்தணிவரை ஓட்டிப் போக முடியாது. மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் விவசாயி முழு வரியையும் கட்டித்தான் தீர வேண்டும். (விமான எரிபொருளுக்கு 29 சதவீதம் வாங்கும் தமிழ்நாடு பெட்ரோலில் எங்களைவிடக் குறைவாக வாங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மூன்றுமே அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஆக, மூன்றின் விகிதத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. விமானங்களுக்காக இறங்கிவந்த அந்தக் கை, எங்களுக்காக அந்த 4 ரூபாய்க் கூடுதல் வரியையாவது முதலில் நீக்கட்டும். எல்லை மண்டலங்களில் டீசல் வரியைத் தமிழ்நாட்டு அளவுக்குக் கொண்டுவரட்டும்.