மேலே படுத்துத் தூங்குகிறேனாம்

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில், தரையில் கட்டிப் புரளும் மல்யுத்தமான நம் ஜியு-ஜிட்சுவில், வெளியூர்த் தம்பி ஒருவனை நான் அழுத்திக்கொண்டிருந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். 'சேலத்து ஜியு-ஜிட்சு: மேலே படுத்துத் தூங்குவது எப்படி' என்று தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு ரோல் (பயிற்சிச் சண்டை) முடிந்ததும் "மூச்சே விட முடியலண்ணா" என்று சொன்ன அதே ஆள்தான் இதைப் போட்டிருக்கிறான்.

தூங்கவில்லை தம்பி, உன் கார்டை, அதாவது கீழே கிடப்பவன் கால்களால் போடும் தடுப்பை, தாண்டிக்கொண்டிருந்தேன், பாஸ் என்பது அதைத்தான். ஒரு கை உன் தொடைக்கு மேலே, இன்னொரு கை மறுதொடைக்கு அடியில், தோள் அடிவயிற்றில். என் முழங்கால் இரண்டும் தரை விரிப்பைத் தொடவே இல்லை, வீடியோவை நிறுத்திப் பார். முழங்காலை ஊன்றினால் என் எடை தரைக்குப் போகும், கால்விரலில் நின்றால் உனக்கு வரும். பிரஷர் என்றால் இதுதான், இருக்கிற எடையை எங்கே இறக்குகிறோம் என்பது. இடுப்பை அசைக்க முடியாதவனுக்கு ஏது கார்டு? இதற்கு ஓவர்-அண்டர் என்று பெயர். 2015 உலக சாம்பியன்ஷிப்பில் தன் எடைப் பிரிவையும் எடை வரம்பே இல்லாத அப்சல்யூட்டையும் சேர்த்து ஜெயித்த பெர்னார்டோ ஃபாரியா பேர் வாங்கியதே இதில்தான். அவரும் தூங்கினார் போல.

"அவர் பெரிய உடம்பு, உங்களுக்கும் தொப்பை" என்று வருவீர்கள், தெரியும். லூகாஸ் லெப்ரி பலமுறை உலக சாம்பியன் ஆனது லைட்வெயிட்டில், கீ என்கிற பயிற்சி உடையோடு சேர்த்தே 76 கிலோதான் வரம்பு. அவர் கார்டை உடைப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், என் தொப்பையை அப்புறம் பேசலாம். நான் சேர்ந்த புதிதில், சித்திரை வெயிலில், அஸ்தம்பட்டியில் தகர ஷீட் போட்ட ஒரு மாடியில், என்னைவிட ஒல்லியான பர்ப்பிள் பெல்ட் (ப்ளூவுக்கு அடுத்த படி) ஒருவர் ஹாஃப் கார்டில், ஒரு கால் மட்டும் மாட்டியிருக்கும் நிலையில், தோளை என் தாடையில் வைத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார். முகம் அந்தப் பக்கம் போனபின் உடம்பை இந்தப் பக்கம் புரட்டவே முடியவில்லை. கழுத்தையோ கையையோ அவர் பிடிக்கக்கூட இல்லை, நான் டேப் செய்துவிட்டேன், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். எழுந்ததும் அவர் எடையைக் கேட்டேன். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்த பிறகும் நம்பவில்லை.

பார்க்க போர் அடிக்கிறதாம். விதிப்படி பாஸுக்கு 3 புள்ளி, 3 நொடி நிலைத்துக் காட்டவேண்டும். குதித்துத் தாண்டினாலும் ஊர்ந்து தாண்டினாலும் அதே 3தான். 20 கொண்டை ஊசி வளைவையும் முதல் கியரில் ஏறிய பஸ்ஸும் ஏற்காட்டுக்குத்தானே போகிறது? புதிதாக வருகிறவர்கள் விலா வலிக்கிறது என்று ஓடிவிடுவார்கள் என்கிறார்கள், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, புதியவர்கள் மேல் நான் இப்படி இறங்குவதில்லை. ஆனால் நீ ப்ளூ பெல்ட், ஃபுல்லாகப் போகலாம் என்று கேட்டதும் நீதான்.

உண்மையில் குத்துவது அந்த 'சேலத்து' என்ற சொல். பெங்களூரில் சுழன்று சுழன்று செய்தால் டெக்னிக், இங்கே மெதுவாகச் செய்தால் முரட்டுத்தனமா? தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தோம், இரண்டு தட்டு சாப்பிட்டானே, அதைப் போட்டிருக்கலாம் வீடியோவாக.

அவனாவது வெளியூர். எமோஜி வரிசையில் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன். என்னிடம் இரவல் வாங்கிப் போன வெள்ளைக் கீயைத் துவைத்து, இந்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிடவும்.