நமது வட்டையிலும் ஒரு நாய்ப் போட்டி நடக்கட்டும்

பங்குனிக் கடைசியில் மட்டக்களப்பின் படுவான்கரைக்குப் போய்ப் பெரியப்பாவின் மாட்டுப் பட்டியில் இரண்டு நாள் நின்றேன். பெரும்போகம் அறுத்து முடிந்து வயல் வட்டை வெறுமையாகக் கிடந்தது. மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் கொண்டுபோயிருந்த மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்து, அறுத்த வயலில் விட்டிருந்தார்கள்.

பின்னேரம் ஒரு எருமைக் கன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து வாய்க்கால் பக்கம் இறங்கியது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாக்கை மட்டும் ஒருதரம் தட்டினார். அவருடைய நாய் மணியன் எழும்பினான். கன்றை நோக்கி நேராக ஓடவில்லை. வரம்போடு ஒட்டிப் பெரிய வளைவாகப் போய், கன்றுக்கு அங்கால் நின்றான். குரைக்கவும் இல்லை. கன்று அவனைப் பார்த்தது, மூக்கால் ஒருதரம் ஊதியது, அப்புறம் தானாகத் திரும்பித் தாயிடம் வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது வருடம் வேல்ஸில் இருந்தபோது மழையில் நனைந்து நனைந்து நான் படித்தது இந்த வளைவைத்தான். மணியனுக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை.

அங்கே நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். அங்கிருந்த ஒரு கிழவர் காலம் முழுக்கச் செம்மறி மேய்த்தவர். கட்டிலில் இருந்தபடியே விசில் அடிப்பார், யாருக்கும் விளங்காது. எங்கள் வீட்டிலும் மாட்டுப் பட்டி இருந்தது என்று சொன்ன நாளில் இருந்து என்னோடு நல்ல வாரப்பாடு. அவருடைய மகன்தான் ஒரு ஞாயிறு என்னை ஆட்டு நாய்ப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் மெக் என்ற நாய்க்குட்டி என் கைக்கு வந்தது. அதன் பிறகு என் விடுமுறை நாள் எல்லாம் அந்த வெளியில்தான் போனது.

போட்டி இப்படித்தான். ஒரு பெரிய புல்வெளி. தூரத்து மேட்டில் நாலைந்து செம்மறிகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நீங்கள் கீழே ஒரு கம்பத்தடியில் நிற்க வேண்டும். நாய் உங்கள் காலடியில் இருந்து கிளம்பி, ஆடு வெருளாதபடி பெரிய வளைவாகப் போய் அவற்றின் பின்னால் சேர வேண்டும். இதற்கு 20 புள்ளி. அங்கிருந்து ஆட்டை எழுப்புவதற்கு 10. உங்களிடம் கொண்டுவர 20. உங்களை விட்டு அகற்றி, 21 அடி இடைவெளி உள்ள இரண்டு படலைகளுக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போய்த் திருப்ப 30. கூட்டத்தைப் பிரித்துக் காட்ட 10, அடைப்புக்குள் அடைக்க 10. ஆகமொத்தம் 100. நடுவர் முழுப் புள்ளியில் தொடங்கி, பிழைக்குப் பிழை கழித்துக்கொண்டே வருவார். நாய் ஆட்டைக் கவ்வினால் பெரும்பாலும் ஆட்டமே முடிந்தது, வெளியே வர வேண்டியதுதான்.

இதில் என் மனதைப் பிடித்தது அந்த எழுப்பும் இடம். நாய் பின்னால் வந்து நிற்கிறது. ஆடு தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அளக்கிறார்கள். நாய் ஒரு அடி முன்னுக்கு வைக்கிறது, ஆடு திரும்பி முதல் அடி எடுத்து வைக்கிறது. இரண்டு மூன்று செக்கன் கூட இராது. அந்த நேரத்தில் நாய் அவசரப்பட்டால் ஆடு கடைசி வரை நம்பாது. பொறுமையாக எழுப்பினால் கடைசி வரை கேட்கும். இதைப் பெரியப்பாவிடம் விளக்கப் போனேன். அவர் முடிக்க விடவில்லை. “ஓம் மனே, விடியக்காலையில பட்டியை எழுப்புற விதத்திலதான் அண்டைய நாள் கிடக்கு. முரட்டுத்தனமா எழுப்பினா பாலும் இறங்காது” என்றார்.

என் இரண்டாவது போட்டியில் மெக் எனக்கும் ஆட்டுக்கும் நடுவால் குறுக்கே ஓடிவிட்டது. ஆடு சிதறி வேலிக்குப் போனது. நான் கையை உயர்த்தி, போதும் என்று நடுவருக்குக் காட்டிவிட்டு இறங்கினேன். அன்று முதலிடத்தில் நின்ற மனிதர் என்னைத் தேடி வந்து, “வா, மேலே போவோம்” என்றார். மேலே என்றால் ஆடு விடும் இடம். தன் ஓட்டம் முடிந்த பிறகு பின்னேரம் முழுக்க அவருக்கு அங்கேதான் வேலை. அடுத்து ஓடப்போகிறவர்களுக்கு ஆட்டைப் பட்டியில் இருந்து எடுத்து, ஓட விடாமல், பதற விடாமல், தன் நாயை வைத்து ஒரே இடத்தில் நிறுத்திக் கொடுக்க வேண்டும். அவர் கொஞ்சம் கவனம் பிசகினால் எதிராளியின் புள்ளி குறையும், அவருடைய முதலிடம் தங்கும். அப்படி ஒரு எண்ணமே அவரிடம் இருக்கவில்லை. என்னையும் பக்கத்தில் நிறுத்தி, ஆட்டின் காது எப்போது திரும்புகிறது என்று காட்டிக்கொண்டே நின்றார். கடைசிக்கு முதல் ஓடியவள் ஒரு பெண்பிள்ளை, அவரை மூன்று புள்ளியால் வென்றாள். அவர் நிறுத்திக் கொடுத்த ஆட்டை வைத்துத்தான் வென்றாள். இருவரும் வாகனப் பின்கதவில் இருந்து ஒரே பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றிக் குடித்தார்கள்.

நமக்கு இது புதிது இல்லை. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வடம் இழுத்ததும் பிறகு ஒரே கண்ணகி அம்மன் வாசலில் நின்றதும் எங்கள் ஆட்கள்தானே. ஆனால் இப்போது ஊரில் போட்டி என்றால் ஒலிபெருக்கியும் கைகலப்பும் பணப்பரிசும் என்றாகிவிட்டது.

1873ஆம் ஆண்டு வேல்ஸின் பாலா ஊரில் நடந்ததுதான் பிரித்தானியாவில் பதிவில் உள்ள முதல் ஆட்டு நாய்ப் போட்டி. அதில் வென்ற டுவீட் என்ற நாய் ஒரு ஸ்கொட்லாந்துக்காரருடையது. வேல்ஸ்காரர்கள் தங்கள் மண்ணில் நடந்த முதல் போட்டியைப் பற்றி என்னிடம் சொன்னபோதெல்லாம் அந்த வெளியூர்க்காரனைச் சேர்த்தே பெருமையாகச் சொன்னார்கள். கறுத்த தோலோடு, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தோடு போன என்னையும் நாய் ஓட்டுகிறவனாகத்தான் பார்த்தார்கள்.

சரி, இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

2023இல் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் குந்தியிருந்தபோதுதான் நம்மில் பலருக்குப் பட்டிக்காரர் என்று ஒரு கூட்டம் இருப்பதே கண்ணில் பட்டது. மாடு சுடப்பட்டால் செய்தி, தரை பறிபோனால் செய்தி. சட்டித் தயிர் மட்டும் எல்லோருக்கும் வேண்டும். அந்த மனிதர்களின் கைத்திறமையைப் பார்க்கவென்று நாம் ஒருநாளும் போய் நின்றதில்லை. இருநூறு மாட்டில் தன் குறி போட்ட மாட்டை நடையை வைத்தே சொல்கிற ஆட்கள் அவர்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

பெரும்போக அறுவடைக்குப் பிறகு வட்டை சும்மாதான் கிடக்கிறது. மாடும் ஊருக்கு வந்துவிடுகிறது. அந்த நாட்களில் ஒரு நாள், ஒரு வயல்வெளி போதும். அவர்களின் விதியை அப்படியே கொண்டுவரத் தேவையில்லை, கொண்டுவரவும் முடியாது. செம்மறி பயந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டும், நமது வெள்ளாடு நாலு பக்கம் பாயும். எருமையை ஓட்டுவதென்றால் முன்னுக்குப் போகும் கிழட்டு எருமையின் மனதை முதலில் பிடிக்க வேண்டும். பட்டியில் இருந்து ஐந்து உருப்படியைப் பிரித்து, வாய்க்காலைக் கடத்தி, காலைக்குள், அதாவது மாடு அடைக்கும் வேலிக்குள், அடைப்பது என்று வைத்தாலே நல்ல சோதனை. நேரத்தை விட மாட்டின் அமைதிக்குப் புள்ளி கூட இருக்க வேண்டும். அடித்தாலோ நாய் கடித்தாலோ வெளியே. இந்த ஒரு விதியை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டுப் போடர் கொலி என்ற அந்த ஆட்டு நாய் இனத்துக் குட்டி வாங்கப் போகாதீர்கள், தயவுசெய்து. 1893இல் நோதம்பர்லாந்தில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வழியில் வந்தவைதான் இன்றைய போடர் கொலிகளில் பெரும்பாலானவை. குளிர் மேட்டில் நாள் முழுக்க ஓடி வேலை செய்யவென்று வளர்த்தெடுத்த இனம். நமது வெயிலில், சீமெந்து முற்றத்தில், சங்கிலியில் கட்டினால் அதற்குப் பைத்தியம்தான் பிடிக்கும். மெக்கை நான் கொண்டுவராததும் அதனால்தான். கிழவரின் மகனிடம் விட்டுவிட்டு வந்தேன். அங்கே ஓட்டம் முடிந்ததும் நாய்க்கு ‘தட்ல் டூ’ என்பார்கள், போதும், வா என்று அர்த்தம். கடைசி நாள் அதைச் சொன்னபோது அது என் முழங்காலில் வந்து தலையை வைத்தது. அதைப் பற்றி மேலே எழுத முடியவில்லை.

நமக்கு மணியன் போன்ற ஊர் நாய்களே போதும்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாடிக்கு முன்னால் மண்ணில் தடியால் ஒரு கோடு கீறினார். “இது வாய்க்கால். காலையை எந்தப் பக்கம் வைக்கப் போறாய்? காத்துக்கு எதிர்ப்பக்கம் வைச்சாத்தான் மாடு நாயை மணக்கும்” என்றார். நான் தடியை வாங்கி இன்னொரு கோடு கீறினேன். அது பிழை என்று காலால் அழித்தார்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம், வந்தாறுமூலைப் பக்கம், அம்பாறையில் திருக்கோவில் பக்கம் பட்டி வைத்திருக்கிறவர்கள், அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அடுத்த பங்குனிக்கு நாள் குறிப்போம்.