ஆமிக்காரனுக்கு இரங்கலாமா?

ரஷ்யாவுக்காகச் சண்டைபிடிக்கப் போன முன்னாள் இலங்கை ஆமிக்காரர் உக்ரைனில் செத்த செய்தி வரும்போதெல்லாம் நம் தமிழ் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "நல்லா வேணும். செய்த பாவம் சும்மா விடுமா?" வெள்ளவத்தை மார்க்கட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிற இடத்திலும் இதைக் கேட்கிறேன். என்னால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை.

554 இலங்கையர் ரஷ்யப் படையில் சேர்ந்ததாகவும் 59 பேர் இறந்ததாகவும் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் 2025இல் பாராளுமன்றத்தில் சொன்னார். 2022இல் நாடு வங்குரோத்தாகி, கையில் வருகிற பென்ஷன் மாத நடுவிலேயே முடிந்துபோக ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பிப் போனவர்கள் அவர்களுக்குள் எத்தனையோ பேர். ஆட்களை அனுப்பிய விவகாரத்தில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரும் கைதானார். பழைய சிப்பாயை விற்றதிலும் பழைய அதிகாரிக்குப் பங்கு. ஐரோப்பா போகலாமென்று காசு கட்டிய யாழ்ப்பாணத்துப் பொடியன்களும் அதே போர்முனையில் போய் மாட்டினார்கள். அவர்களுக்கு மட்டும்தான் அழுவோமா?

இங்கே நடந்த யுத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொழும்பில் இருந்து யுத்தத்தை நடத்தியவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் முகமாலைப் போர்முனையில் நின்றார்கள்? நின்றது மொனராகலையிலும் அநுராதபுரத்திலும் குளம் வற்றிய ஊர்களில் பிறந்த பதினெட்டு, இருபது வயசுக்காரர். வன்னியில் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளை நினைத்து இன்றைக்கும் வயிறு எரிகிறோம். அந்தப் பிள்ளை யாரைச் சுட்டது என்று நாம் கேட்பதில்லை. வறுமை பிடித்துக்கொண்டுபோனவனுக்கு அந்த இரக்கத்தில் கொஞ்சம்கூட இல்லையா? படையை விட்டு ஓடியவர்களும் ஆயிரக்கணக்கில். ஒளிந்து திரிந்து, பிடிபட்டு, மறியலில் கிடந்தார்கள். அவர்களுக்கு யாரும் நினைவுத்தூண் கட்டவில்லை.

ஆனால் இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தை குஞ்சென்று பாராமல் எட்டுப் பேரை வெட்டிப் புதைத்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆமிக்காரன் சுனில் ரத்நாயக்கவை 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்பில் வெளியே விட்டார். அதைப் 'படைவீரன் மீதான கருணை' என்று சொன்னால் செத்த எட்டுப் பேரின் முகத்தில் காறித் துப்புவதுதான். செஞ்சோற்றுக் கடன் என்ற சாட்டும் எனக்கு வேண்டாம். கும்பகர்ணனுக்காக நம்முடைய ஆட்கள் காலங்காலமாக அழுகிறார்கள் என்றால், போருக்குப் போகும் முன் அண்ணனின் முகத்துக்கு நேரே 'நீ செய்தது பிழை' என்று அவன் சொன்னபடியால்தான்.

யாருக்கு இரங்குவது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சோமரத்ன ராஜபக்ச வந்து நிற்பான். 1996 செப்டெம்பரில் ஏ.எல். சோதினை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த கிருஷாந்தியைச் செம்மணி சென்றியில் மறித்துக் கெடுத்துக் கொன்று, தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆமிக்காரன். கொழும்பு மேல் நீதிமன்றத்தில் 1998இல் தண்டனை கிடைத்தபோது, முந்நூறு நானூறு பேரைச் செம்மணியில் புதைத்திருக்கிறோம் என்று வாய் திறந்ததும் அவன்தான். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள். 2025இல் அதே செம்மணியில் மயானப் பக்கம் தோண்டியபோது இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள், சின்னப் பிள்ளை ஒன்றின் நீலப் புத்தகப்பையோடும் பொம்மையோடும். அவனை நான் மன்னிக்கவில்லை. அந்தத் தாய் உயிரோடு இருந்தாலல்லவா மன்னிக்கலாமா வேண்டாமா என்று கேட்க? என்றாலும் வாய் திறக்காத ஆயிரம் பேரைவிட அவன் சொன்ன அந்த ஒரு வாக்குமூலத்துக்கு என்னிடம் மதிப்பு இருக்கிறது.

எங்கள் தொடர்மாடியில் முன்பு இரவு டியூட்டி பார்த்த செக்கியூரிட்டிக்காரர் பழைய ஆமி. வலது கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். மழை நாளில் கழற்றி வைத்துவிட்டு, தழும்பில் சித்தாலேபை பூசிக்கொண்டிருப்பார். கிளைமோரில் போனதா மிதிவெடியில் போனதா என்றெல்லாம் தயங்காமல் சொல்வார். "யுத்தத்தின் கடைசி மாதத்தில் எங்கே நின்றீங்கள்?" என்று ஒருமுறை சிங்களத்தில் கேட்டேன். "அதைக் கதைக்க ஏலாது மிஸ்" என்று காலைப் பூட்டத் தொடங்கிவிட்டார். அந்தக் காலுக்காக என் மனம் நொந்தது உண்மை. அந்தப் பதிலுக்காக இன்னும் கோபம் இருப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் தினம் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

2009 மே 18 வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்து, பிறகு காணாமல் போனவர்களைப் பஸ்ஸில் ஏற்றியபோது யாரோ ஒருவர் ஆட்களை எண்ணினார். யாரோ கதவடியில் நின்றார். யாரோ பஸ்ஸை ஓட்டினார். அவர்களில் பலர் இன்றைக்கும் உயிரோடு, பேரப்பிள்ளை கண்டு எங்கேயோ இருப்பார்கள். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாமார் ஒவ்வொருவராய்ச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது, 2023இல் புதிதாயும் வந்தது. தன் மேலதிகாரிக்கு எதிராக ஒரு சிப்பாய் வந்து பேசினால் அவனையும் அவன் குடும்பத்தையும் அது காப்பாற்றுமா என்று தமிழ் எம்.பி.மார் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். அப்படி ஒருவன் வந்தால், அவன் கையில் என்ன கறை இருந்தாலும் நீதிமன்ற வாசலில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க நான் வருவேன்.