சிங்கப்பூரை இழந்தது பீரங்கியால் அல்ல

பிப்ரவரி 15 நெருங்கினாலே அந்தப் பழைய வரி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். "வெள்ளைக்காரன் பீரங்கியை எல்லாம் கடலைப் பார்த்து வைத்தான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான்." 1942இல் சிங்கப்பூர் விழுந்ததற்கு இதையே காரணமாகச் சொல்லிச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகள் வரை பரவிவிட்டது. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. தகவல் தவறு என்பது ஒரு பக்கம். முடிவெடுத்த மனிதர்களை விட்டுவிட்டுப் பழியைக் காங்கிரீட் மேடைமேல் போடுகிறது என்பதுதான் பெரிய குறை.

முதலில் பீரங்கிக் கணக்கைப் பார்ப்போம். தீவில் 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் 5. சாங்கிப் பக்கம் ஜொகூர் பேட்டரி என்ற பீரங்கித் தளத்தில் 3, மேற்கே புவனா விஸ்டாவில் 2. புவனா விஸ்டாவில் இருந்தவற்றை வடக்கே திருப்ப முடியவில்லை, அது உண்மை. ஆனால் ஜொகூர் பேட்டரி நிலத்தை நோக்கித் திரும்பிச் சுட்டது. இன்று செந்தோசா எனப்படும் தீவில் இருந்த 9.2 அங்குலப் பீரங்கிகளும் சுட்டன. கோளாறு குண்டில் இருந்தது. ஒரு 15 அங்குலக் குண்டு ஏறக்குறைய 880 கிலோ. போர்க்கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே போனபிறகு வெடிப்பதற்காகவே செய்தது. அது சதுப்பிலோ ரப்பர் தோட்டத்திலோ விழுந்தால் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி வெடிக்கும். பெரிய பள்ளம் விழும், சேறு பறக்கும், சற்றுத் தள்ளிப் படுத்திருக்கும் சிப்பாய் எழுந்து நடப்பான். காலாட்படையை அடிக்கத் தரையில் பட்டதும் சிதறும் குண்டு வேண்டும். 9.2 அங்குலத்துக்கு அந்த வகை பீரங்கிக்கு 30தான் இருந்தது. 15 அங்குலத்துக்கு அதுவும் இல்லை. எதிரி கப்பலில்தான் வருவான் என்று நினைத்தவர்கள் அதற்கேற்ற குண்டையே வாங்கி அடுக்கினார்கள்.

தீவுக்கு முன்னால் மலாயாவே போய்விட்டது. 1941 டிசம்பர் 8 நள்ளிரவு கடந்ததும் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறினார்கள். எதிர்த்து நின்றது டோக்ரா படைப்பிரிவு. விமானப்படை தன் வசதிக்கு வடக்கிலும் கிழக்குக் கரையிலும் விமானத்தளங்களைக் கட்டி வைத்திருந்தது. அவற்றைக் காக்கத் தரைப்படை துண்டு துண்டாகப் பிரிந்து நிற்க வேண்டியதாயிற்று. முதல் சில நாளிலேயே விமானங்கள் அழிந்துபோக, பறக்க விமானமே இல்லாத தளங்களுக்காகச் சிப்பாய்கள் செத்தார்கள். டிசம்பர் 10 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டும் குவாந்தான் கடலில் மூழ்கின. கடற்படையை நம்பிக் கட்டிய சிங்கப்பூர்த் தளத்துக்கு அதோடு கடற்படை இல்லை.

"இந்தியச் சிப்பாய்கள் ஓடிவிட்டார்கள்" என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிலிம் ரிவர் சண்டையை ஒருமுறை வரைபடம் வைத்துப் பார்க்கட்டும். மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. ஜனவரி 7 விடிவதற்கு முன் சுமார் 30 ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையிலேயே நேராக வந்தன. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகள் உரிய இடத்தில் இல்லை, பாலங்கள் தகர்க்கப்படவில்லை. முன்வரிசை உடைந்த செய்தி பின்னால் போய்ச் சேரவில்லை. சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காப் பட்டாளத்தை டாங்கிகள் பின்னாலிருந்து வந்து அடித்தன. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே வந்தபிறகுதான் ஒரு பீரங்கி அவற்றை நிறுத்தியது. மூவாரில் நிறுத்திய 45ஆம் இந்தியப் பிரிகேடோ பயிற்சியே முடியாத பையன்கள். பழகிய ஹவில்தார்களையும் ஜமேதார்களையும் புதுப் படைகள் கட்டுவதற்காக உருவி எடுத்துவிட்டு மீதியை அனுப்பியிருந்தார்கள். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

ஜனவரி 31 காலை கடைசிப் படை தீவுக்குள் வந்ததும் மலாயாவின் ஜொகூரோடு தீவை இணைத்த கடற்பாலத்தைத் தகர்த்தார்கள். சுமார் 20 மீட்டர் இடைவெளி. அந்தப் பாலத்தின் மேல்தான் ஜொகூரின் குனோங் பூலாயிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் போனது. பாலத்தோடு அதுவும் போயிற்று. மிஞ்சியவை தீவின் நடுவிலிருந்த மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்கள். அகதிகளோடு சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் பேர் அவற்றையே நம்பி இருந்தார்கள். ஆக, தீவைக் காப்பது என்றால் கரையைக் காப்பது மட்டுமல்ல, அந்த நடுப்பகுதியைக் கைவிடாமல் இருப்பது.

வடகரையில் அரண் கட்ட வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன் டிசம்பர் இறுதியிலேயே மன்றாடினார். முள்கம்பி, கண்ணிவெடி, டாங்கித் தடுப்பு என்று என்னென்ன செய்யலாம் எனச் சொன்னார். மலாயாவின் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் மறுத்தார். படையின் மனவுறுதியும் மக்களின் மனவுறுதியும் கெட்டுவிடும் என்பது அவர் காரணம். என் பார்வையில் சிங்கப்பூர் விழுந்த நாள் அதுதான்.

பெர்சிவல் எதிரியை எதிர்பார்த்தது வடகிழக்கில். புதிதாக வந்திறங்கிய பிரிட்டிஷ் 18ஆம் டிவிஷனை அங்கே வைத்தார். ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவும் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டார். பிப்ரவரி 7 இரவு அவருடைய அரசக் காவல் டிவிஷன் வடகிழக்கே உள்ள புலாவ் ஊபின் தீவைப் பிடித்து ஆரவாரம் காட்டியது. உண்மையான தாக்குதல் மறுநாள் இரவு வடமேற்கில், சாரிம்பன் பக்கம் வந்தது. அங்கே ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேட், சுமார் 3,000 பேர், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கரைக்கு. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாலும் 5 மீட்டருக்கு ஓர் ஆள். அதுவும் அலையாத்திக் காடும் ஓடைகளும் நிறைந்த கரை, பக்கத்துக் காவல்குழி கண்ணுக்கே தெரியாது.

அன்று பகல் முழுக்க ஜப்பானியப் பீரங்கிகள் அடித்ததில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. உத்தரவு வந்தால்தான் தேடொளி விளக்கைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. உத்தரவு வரக் கம்பி இல்லை. விளக்கு எரியவில்லை. தங்கள் பீரங்கிப் படைக்குச் சைகை காட்ட வைத்திருந்த ஒளிவாணங்களும் நேரத்துக்கு உதவவில்லை. படகுகள் இருட்டிலேயே வந்து சேர்ந்தன. விடிவதற்குள் 13,000 பேர் அளவில் கரையேறிவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். கிராஞ்சி ஆற்றுக்கும் ஜூரோங் ஆற்றுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் மட்டும் அகலமுள்ள ஓர் இடுக்கு இருக்கிறது. இருபுறமும் ஆறு, மேற்குப் பக்கத்தை அடைக்க அதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. ஆனால் "கடைசிக் கட்டத்தில் நகரைச் சுற்றி இப்படி நிற்போம்" என்று பெர்சிவல் முன்கூட்டியே அனுப்பிய இரகசியத் திட்டம் கீழே போகப் போக உடனடி உத்தரவாகப் படிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் டெய்லர் தன் ஆட்களைப் பின்னே இழுத்தார். பெரிதாகச் சண்டையே இல்லாமல் அந்த இடுக்கு போனது. 11ஆம் தேதி புக்கிட் தீமாவும், அங்கிருந்த உணவு, எரிபொருள் கிடங்குகளும் போயின.

14ஆம் தேதிக்குள் நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கையில். உட்லீ நீரேற்று நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் குண்டுவீச்சில் தெருவெங்கும் குழாய் உடைந்து ஏற்றிய தண்ணீரில் பெரும்பகுதி சாலையில் ஓடியது. ஓர் உடைப்பை அடைத்தால் அடுத்த சரமாரி இரண்டு உடைப்பைத் திறக்கும். அழுத்தம் விழுந்ததும் மேட்டில் இருக்கும் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தண்ணீர் ஏறாது, தீயணைப்புக் குழாயும் வறண்டுவிடும். ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது என்று பெர்சிவலிடம் சொன்னவரும் அதே சிம்சன்தான்.

யாமாஷிதாவிடமும் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது, இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். யாமாஷிதாவின் பற்றாக்குறை உண்மை. ஆனால் தாங்குவதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீரை மீட்க எதிர்த்தாக்குதல் வேண்டும். 15ஆம் தேதி காலை ஃபோர்ட் கேனிங் சுரங்க அறையில் கூடிய தளபதிகளில் யாரும் அது முடியும் என்று சொல்லவில்லை. அன்று மாலை ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார். சீனப் புத்தாண்டின் முதல் நாள் அது. அந்தக் கையெழுத்தை நான் குறை சொல்ல மாட்டேன், டிசம்பரில் சிம்சனுக்குச் சொன்ன மறுப்பைத்தான் சொல்வேன்.

விலை கொடுத்தவர்கள் வேறு. ஜப்பானியர் நடத்திய சூக் சிங் வேட்டையில் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கடற்கரைகளில் நிறுத்திச் சுட்டார்கள். பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானியரோடு சேர்ந்த இந்திய அதிகாரி மோகன் சிங்கின் இந்திய தேசிய இராணுவம் அங்கேதான் பெருமளவில் ஆள் திரட்டத் தொடங்கியது. மலாயாவில் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போய்த் தோட்டக் கூலி நின்றது. கூலி தருகிறோம் என்று சொல்லியும் பிறகு வளைத்துப் பிடித்தும் பல்லாயிரம் தமிழர்களை 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் கூட இருந்தார்கள். 1943இல் காலரா வந்தபோது தோட்டத் தமிழர்களின் கொட்டகைகளில் அப்படி யாரும் இல்லை.